வீட்டிலே நூலுக்கு ஓர் இடம்



ஒரு குடும்பத்தார் எப்பொருளை மதிக்கின்றனர் என்பதை அறிய வேண்டுமாயின், அவர்கள் தம் வீட்டில் எப்பொருளுக்கு எவ்விடத்தைக் கொடுத்திருக்கின்றனர் என்று பார்த்தாற் போதும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைக் கட்டிய நம் முன்னோர் இவ்விடயத்தில் மிகுந்த ஒழுங்குடையவர். தெய்வத்துக்குச் சுவாமி அறை; விருந்தினருக்குத் தலைவாசல்; வெயிலுக்கும் காற்றுக்கும் நடு முற்றம்; பட்டுச் சேலைக்கும் நகைக்கும் உறுதிக்கும் பெட்டகம். நெல்லுக்கும் தனியிடம் உண்டு. நூலுக்கு மாத்திரம் தனியிடம் இருந்ததில்லை. ஏடாயின் அது பரணிலோ பெட்டகத்தின் அடியிலோ கிடந்தது. அச்சு நூல் பெருகிய பின்னரும் மேசை மூலையிலும், யன்னற் கட்டிலும், கட்டிலின் கீழுமே அதற்கு இடம் கிடைத்தது.

இன்று பல இல்லங்களிலே புத்தக அலுமாரி ஒன்று செய்விக்க வேண்டும் என்ற விருப்பம் எழுகின்றது. அதனோடு “வைப்பதற்கு இடம் எங்கே?” என்ற வினாவும் எழுகின்றது. அந்த வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

இது சிறு வீட்டு அலுவல்தானே என்று சிலர் நினைத்தல் கூடும். நம்முடைய யாழ்ப்பாணப் பொது நூல் நிலையத்தின் வரலாற்றை நினைப்பவர் அவ்வாறு கருதார். 1933 ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாண நீதிமன்றிற் பணியாற்றிய க. மு. செல்லப்பா என்னும் பெரியார் தம்மிடமிருந்த நூல்களைத் தம் வீட்டில் வைத்து, வேண்டியோருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே இலவசத் தமிழ் நூல் நிலையம் ஒன்று வேண்டுமென மக்களுக்கு ஒரு வேண்டுகோளும் விடுத்தார். 1934 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே கூட்டம் கூடியது. ஓகஸ்ட் முதலாம் நாள், ஆஸ்பத்திரி வீதியிலே வாடகைக்குப் பெற்ற சிறிய அறையொன்றில் 844 நூல்களோடும் ஏறத்தாழ 30 பத்திரிகை சஞ்சிகைகளோடும் நூல் நிலையம் திறக்கப்பட்டது. 1935 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. கால் நூற்றாண்டு கழிந்து, 1959 ஆம் ஆண்டு ஒக்டோபர் 11 ஆம் நாள், வெண்ணிறக் குவிமாடத்தோடு எழுந்த அழகிய கட்டடத்திலே அது குடிபுகுந்தது. இத்தனைக்கும் வித்து, ஒருவர் தம் வீட்டிலே நூலுக்கு இடம் ஒதுக்கிய செயலே.

இனி, வீட்டில் இடம் காணும் முறையைப் படிப்படியாக நோக்குவோம்.

முதலிற் செய்ய வேண்டியது தச்சரை அழைப்பதன்று, நூல்களை அளப்பதே. வீட்டின் பல மூலைகளிலும் கிடக்கும் நூல்களை ஓரிடத்திற் கூட்டி, நிலத்திலே வரிசையாக நிமிர்த்தி அடுக்கி, அவ்வரிசையின் நீளத்தை அளவுநாடாவால் அளத்தல் வேண்டும். பொதுவாக நம்மிடமுள்ள தமிழ் நூல்கள் சராசரி முக்கால் அங்குலத் தடிப்புடையன என்று கொள்வோம். 400 நூல்கள் இருப்பின் 300 அங்குலம், அதாவது 25 அடி நீளம் தேவை. 3 அடி அகலமும் ஐந்து தட்டும் உடைய ஓர் அலுமாரி 15 அடி இடம் தரும். இரண்டு அலுமாரிகள் 30 அடி தரும். எஞ்சும் 5 அடி இனி வாங்கும் நூல்களுக்கு ஆகும். அலுமாரியை வாங்கும் நாளிலேயே நிரப்பிவிடுபவர், அடுத்த ஆண்டில் மீண்டும் கட்டிலின் கீழே நூலைத் தள்ளுவார்.

இக்கணக்கை இன்னும் ஒரு படி கொண்டு செல்லலாம். நூலலுமாரியின் ஆழம் 10 அங்குலமாயின் பெரும்பாலான நூல்களுக்குப் போதும். 3 அடி அகலமும் 10 அங்குல ஆழமும் உடைய அலுமாரி நிலத்திலே இரண்டரைச் சதுர அடியையே பிடிக்கும். இரண்டு அலுமாரிகளுக்கு 5 சதுர அடி. ஒருவர் படுக்கும் கட்டில் 6 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்டு 18 சதுர அடியைப் பிடிக்கின்றது. ஆகவே 400 நூல்களும் ஒரு கட்டிலின் மூன்றில் ஒரு பங்கு நிலத்தைக்கூட வேண்டி நிற்கவில்லை. அவை வேண்டுவது சுவரையே. வீட்டிலே நிலம் இல்லை என்று நாம் சொல்லுமிடத்துப் பெரும்பாலும் வெறுஞ்சுவர் இல்லை என்பதே உண்மை. சுவரெல்லாம் பொருள்களாற் சூழப்பட்டிருக்கின்றது.

எந்தச் சுவர் ஏற்றது? இவ்விடத்தில் நமது குடாநாட்டின் காற்றையும் மழையையும் கருத வேண்டும். ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகீழ்ப் பருவ மழை பெய்கின்றது. அக்காலத்தில் வடக்கும் கிழக்கும் நோக்கிய வெளிச்சுவர்கள் சாரலில் நனைந்து ஈரத்தை உள்ளே கடத்தும். வைகாசிக்குப் பின் சோளகம் வீசும்போது புழுதி வீட்டினுட் புகும். மேற்கு யன்னலால் வரும் மாலை வெயிலோ நூலின் முதுகை வெளிறச் செய்து, கட்டிய பசையையும் உலர்த்திவிடும். ஆதலால் இரண்டு அறைகளுக்கு இடையே உள்ள உட்சுவரே நூலுக்கு உத்தமமான சுவர். அதுவும் கிணற்றடிப் பக்கமோ குளியலறைப் பக்கமோ சமையலறைப் பக்கமோ சாராத உட்சுவராதல் வேண்டும்.

பழைய நாற்சார் வீடுகளில் உள்ளறை ஒன்று இருள் சூழ்ந்து, யன்னல் குன்றி இருக்கும். பொன்னையும் பொருளையும் காக்க அமைத்த அறை அது. காவலுள்ள அறை என்று எண்ணி நூலை அங்கே அடுக்குவோர் உளர். காற்றோட்டமில்லாத இருளே பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் உகந்த வீடு. நூலுக்கு வேண்டிய காவல் பூட்டன்று. காற்றும் மனிதர் நடமாட்டமுமே. எனவே, நாள்தோறும் மனிதர் புழங்கும் நடு அறையே, முற்றத்துச் சாரல் எட்டாத அளவில், மிகப் பொருத்தமான இடமாகும். வெளி விறாந்தையில் வாசிப்பதற்கு ஒரு சாய்மனைக் கதிரை இருக்கட்டும். நூல்கள் அங்கே குடியிருத்தல் ஆகாது.

சுவரைத் தெரிந்தபின், அங்கே இப்பொழுது நிற்கும் பொருளை எங்கே பெயர்ப்பது என்ற சிக்கல் வரும். ஒன்றைப் பெயர்க்க வேறொன்று தடையாகும். அதனைப் பெயர்க்க மூன்றாவது ஒன்று தடையாகும். நான்கு பேர் நின்று பாரமான பெட்டகத்தைத் தூக்கிய பின்னர், அது வாசலாற் போகாது என்று அறிவதிற் பயனில்லை. ஆகவே முன்கூட்டியே ஒரு தாளிலே அறையின் படத்தை, அடி ஒன்றுக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் வரைந்துகொள்க. கதவு எப்பக்கம் திறக்கின்றது, யன்னல் எங்கே உள்ளது, மின்சாரச் சொருகி எங்கே உள்ளது என்பவற்றையும் குறித்துக்கொள்க. பின் கட்டில், மேசை, அலுமாரி முதலியவற்றை அதே அளவில் மட்டையில் வெட்டி, படத்தின்மேல் வைத்து நகர்த்திப் பார்க்க. நூலலுமாரியின் முன்னே ஒருவர் நின்று குனிந்து கீழ்த்தட்டிலிருந்து நூலை எடுப்பதற்கு 3 அடி வெளி வேண்டும் என்பதையும் மறவற்க. மட்டையை நூறு முறை நகர்த்தினாலும் முதுகு நோவதில்லை.

இவ்வாறு நகர்த்திப் பார்க்கும்பொழுது ஒருண்மை புலனாகும். அறையில் நிற்கும் பொருள்களிற் பாதி நாள்தோறும் பயன்படுவன; மற்றைப் பாதி, அங்கே நின்ற காரணத்தினாலேயே தொடர்ந்து நிற்பன. கால் முறிந்த கதிரை, பழுதாகி ஆண்டுகள் கடந்த வானொலிப் பெட்டி, விழாக்களுக்கு மாத்திரம் எடுக்கும் பீங்கான் நிறைந்த கண்ணாடி அலுமாரி என்பன பின்னைய இனத்தன. இவற்றுள் எதைத் திருத்துவது, எதைக் கொடுப்பது, எதைப் பின்னறைக்கு அனுப்புவது என்று தீர்மானித்தாலே ஒரு சுவர் வெளியாகிவிடும்.

ஆனால் இத்தீர்மானத்தைக் குடும்பத் தலைவர் தனித்துச் செய்தல் முறையன்று. வீட்டுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு. ஆச்சியின் பெட்டகம் வெறும் மரப்பெட்டியன்று. அது அவர் திருமணமாகி வந்த நாளை நினைவூட்டுவது. அதனை அகற்றி அவ்விடத்தில் நூலை வைப்போமாயின், ஆச்சிக்கு நூலின்மேல் என்றும் அன்பு உண்டாகாது. பெட்டகத்தை அவர் படுக்கையின் கால்மாட்டிலே வைத்துக் கொடுத்தால், அவரே பேரப்பிள்ளைகளை அழைத்து, புதிய அலுமாரியிலிருந்து புராணத்தை எடுத்து வாசிக்கச் சொல்வார். முதியவரின் கட்டிலையும், நோயாளியின் கட்டிலையும், பிள்ளையின் படிப்பு மேசையையும் வெளிச்சமும் காற்றும் குறைந்த இடத்துக்குத் தள்ளி நூலுக்கு இடம் செய்தலும் கூடாது. மனிதருக்காக நூலேயன்றி நூலுக்காக மனிதரல்லர்.

அடுத்து அலுமாரியின் அமைப்பு. நூல் பாரமான பொருள். நிரப்பிய தட்டு ஓரடிக்கு ஏறத்தாழ 20 இறாத்தல் நிறை தாங்க வேண்டும். 15 அடித் தட்டுடைய அலுமாரியில் நூலின் நிறை மாத்திரம் 300 இறாத்தல், அதாவது 135 கிலோகிராம் வரை செல்லும். வளர்ந்த ஆடவர் இருவர் எந்நேரமும் அதன்மேல் ஏறி நிற்பதற்கு இது ஒப்பாகும். ஆகவே நல்ல மரத்தில் ஓரங்குலத் தடிப்புள்ள பலகையாயின், தாங்கலின்றி 3 அடிக்கு மேல் நீள விடலாகாது. மரத்தூளை அழுத்திச் செய்யும் பலகையாயின் 2 அடிக்கு ஒரு தாங்கல் வேண்டும். அப்பலகை ஈரம் பட்டால் ஊதிப் பிளக்கும் என்பதையும் அறிந்து வாங்குக. தட்டுக்குத் தட்டு 11 அங்குல இடைவெளியும், கீழ்த்தட்டுக்கும் நிலத்துக்கும் 6 அங்குல இடைவெளியும் விட்டால், ஐந்து தட்டு அலுமாரி ஏறத்தாழ ஐந்தரை அடி உயரத்தில் அமையும். பிள்ளைகள் ஏறி இழுத்தாலும் சாயாதபடி அதன் மேற்பகுதியைச் சுவரோடு பிணைத்தல் மிக இன்றியமையாதது.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். முதிரை, தேக்கு, வேம்பு ஆகியவை நன்கு உழைக்கும். முற்றிய பனையின் கருவைரத்தைக் கறையான் எளிதில் அரிப்பதில்லை. நம் வீட்டுக் கூரைகளைப் பல தலைமுறை தாங்கிய பனங்கைகளே அதற்குச் சான்று. பழைய வீட்டைத் திருத்தும்போது கழற்றிய வைரமான மரங்கள் இருப்பின் அவற்றை விறகாக்கிவிடாது தச்சரிடம் காட்டுக.

கறையானே நூலின் முதற்பகைவன். அது நிலத்திலிருந்து, சுவர் வழியாக, மண்ணாற் கூடு கட்டிக்கொண்டு வரும். ஆதலால் அலுமாரியைச் சுவரோடு ஒட்டாது 3 அங்குலம் தள்ளி வைத்தல் வேண்டும். சுவரோடு பிணைக்கும் இரும்புத் துண்டைத் தவிர வேறெதுவும் சுவரைத் தொடலாகாது. அவ்விடைவெளியால் காற்றும் செல்லும். மண்கோடு தோன்றினால் நம் கண்ணுக்கும் தெரியும். வேப்பிலைச் சருகை நூலிடையே வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, அது நன்றே. எனினும் அதனை வைத்துவிட்டோம் என்று ஓராண்டு திரும்பிப் பாராதிருத்தல் நன்றன்று. மாரி கழிந்து தை மாதம் பிறந்ததும், ஈரமற்ற ஒரு நாளில், நூல்களையெல்லாம் இறக்கித் தூசி தட்டி, கடும் வெயில் படாத நிழலிற் சிறிது நேரம் விரித்து வைத்து மீண்டும் அடுக்குக. நவராத்திரிக்கு முன் இன்னொரு முறை தூசி தட்டுக. சரசுவதி பூசைக்கு நான்கு நூல்களை எடுத்துப் பட்டுச் சுற்றி வைப்பவர், மற்றை நூல்களைக் கறையானுக்கு விட்டுவிடலாமோ?

இனி அடுக்கும் முறை. சீர்காழியிலே பிறந்து இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் 1931 ஆம் ஆண்டில் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நமது யாழ்ப்பாண நூல் நிலையம் அமைக்கப்பட்ட காலத்தில் ஆலோசனை வழங்கியவரும் அவரே. நூல் பயன்படுவதற்கே உரியது என்பது அவ்விதிகளுள் முதலாவது. நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் ஓர் உயிர்ப்பொருள் என்பது இறுதியானது. இவ்விரண்டும் வீட்டு அலுமாரிக்கும் பொருந்தும். அழகிய தொகுதிகளைக் கண்ணாடிக்குள் பூட்டித் திறப்பைத் தலையணையின் கீழ் வைத்தல் முதல் விதிக்கு மாறு. சிறுவர் நூல்களை மேல் தட்டில் வைத்தலும் அவ்வாறே. ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுவது கீழிரண்டு தட்டுகளே. அவை அப்பிள்ளைக்கு உரியன ஆகட்டும். கண்ணுக்கு நேரான தட்டில் அகராதியும், நாள்தோறும் எடுக்கும் நூல்களும் இருக்கட்டும். சமயம், இலக்கியம், வரலாறு, விஞ்ஞானம், கதை என்ற ஐந்து பிரிவு ஒரு வீட்டுக்குப் போதும். ஒவ்வொரு தட்டிலும் நான்கு விரற்கிடை வெறுமையாக விடுக. நெருக்கி அடுக்கிய நூலை முதுகைப் பற்றி இழுக்கும்போதே பெரும்பாலான நூல்களின் கட்டுக் குலைகின்றது.

எல்லாவற்றிலும் கடினமான பகுதி இனித்தான் வருகின்றது. இடம் போதாதபோது எந்நூலை நீக்குவது? சந்தையிலே எப்பொழுதும் கிடைக்கும் நூல், இரண்டு படிகள் உள்ள நூல், காலங்கடந்த பாடநூல் ஆகியவற்றைக் கிராமத்து வாசிகசாலைக்கோ பாடசாலைக்கோ, அவர்களுக்குப் பயன்படுமாயின், கொடுக்கலாம். ஆனால் நம் வீடுகளிலே, பழைய தாள் என்று எடை போட்டு விற்கப்படுபவை பெரும்பாலும் அவையல்ல. மெலிந்த சிறு வெளியீடுகளே முதலிற் போகின்றன: பாடசாலை ஆண்டு மலர், கோயிற் கும்பாபிடேக மலர், ஊர்ச் சனசமூக நிலையத்தின் விழா மலர், உள்ளூர் அச்சகத்திற் பதித்த பதிகம், ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாளில் வெளியிடும் கல்வெட்டு. அவற்றிலே ஊரின் பெயர் வழக்கும், குடும்ப வரலாறும், ஆசிரியர் பெயரும், புலவர் பாடலும் உள்ளன. பெரிய நூலை மீண்டும் பதிப்பிப்பர்; கல்வெட்டை எவரும் மீண்டும் பதிப்பிப்பதில்லை.

இத்தகைய அழிவு நமக்குப் புதியதன்று. சிறுப்பிட்டியிலே 1832 ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அலைந்தவர். 1887 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கலித்தொகைப் பதிப்பின் உரையிலே, ஏட்டைத் தொட்டவுடன் ஓரம் உதிர்வதையும் கட்டை அவிழ்க்கும்போதே இதழ் முறிவதையும் சொல்லி வருந்துகின்றார். அவ்வேடுகள் வீடுகளில் இருந்தவை. வைத்திருந்தவர் பகைமையால் அழித்தாரல்லர். இடம் கொடுக்கவில்லை, எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.

மறுபுறம், வீட்டிலே இடம் கொடுத்தவரால் விளைந்த நன்மையையும் நோக்குக. செட்டிநாட்டுக் கோட்டையூரிலே ரோஜா முத்தையா என்பவர் தம் வாழ்நாளெல்லாம் நூல், இதழ், துண்டுப் பிரசுரம், அழைப்பிதழ் எனத் தமிழ் அச்சில் வந்தவற்றைச் சேர்த்தார். அவர் 1992 இல் மறைந்தபோது அச்சேகரம் ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகளாய் இருந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகம் அதனைப் பெற்று, தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. 1994 ஆம் ஆண்டு சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இவ்விடயம் இன்னும் நெருங்கியது. 1981 ஆம் ஆண்டு ஓர் இரவில் நம் பொது நூல் நிலையம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், ஓலைச்சுவடிகளும், பழைய பத்திரிகைக் கோவைகளும் சாம்பலாயின. கட்டடம் பின்னர் மீள எழுந்து இன்று இயங்குகின்றது. ஆனால் ஒரு படியே இருந்த நூலை எக்கொத்தனாரும் மீளக் கட்ட முடியாது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு அகன்றபோது, கையில் எடுத்தவை துணியும் அரிசியும் உறுதிகளுமே. அலுமாரிகள் அப்படியே நின்றன. திரும்பி வந்தவர் பலர் கண்டது கூரையற்ற வீட்டையும், மழையில் ஊறிய தாளையுமே.

இவற்றுக்கெல்லாம் தப்பி இன்றும் நம்மிடம் உள்ள பழைய வெளியீடு ஒவ்வொன்றும் பல அபாயங்களைக் கடந்து வந்தது. பொது நூல் நிலையத்திலே எரிந்துபோனதன் மறுபடி, ஒரு கிராமத்து வீட்டுப் பரணிலே இருத்தல் கூடும். 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் இணைய முயற்சி, இத்தகைய ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படம் பிடித்துச் சேர்த்து, உலகெங்கும் உள்ளோர் இலவசமாக வாசிக்குமாறு வைத்திருக்கின்றது. ஆகவே இடமில்லை என்று ஒரு மெல்லிய மலரை நீக்குமுன், அது அங்கே உள்ளதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இன்று எவ்வீட்டிலும் உண்டு.

எல்லாம் கைபேசியிலேயே வந்துவிட்டபின் அலுமாரி எதற்கு என்று கேட்பாருக்கும் விடை இதுவே: கைபேசியில் உள்ளவை ஒருவர் வீட்டு நூலைப் பேணி வைத்திருந்தமையால் அங்கே ஏறியவை. மேலும், கைபேசியில் உள்ள நூலைத் தேடுபவர் மாத்திரம் காண்பர். அலுமாரியில் உள்ள நூலோ, தேடாத பிள்ளையின் கண்ணிலும் படும். நடு அறையைக் கடந்து செல்லும் சிறுவன் ஒருநாள் காரணமின்றி ஒரு நூலை உருவி எடுக்கின்றான். வாசிப்புப் பழக்கம் பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகின்றது.

கடல் கடந்து பிள்ளைகள் சென்றுவிட, முதியோர் இருவர் மாத்திரம் வாழும் வீடுகள் இன்று நம்மிடையே பல. அவ்வீடுகள் கைமாறும் நாளில் நூல்களே முதலில் முற்றத்துக்கு வருகின்றன. அந்நாளை எதிர்பாராது, இப்பொழுதே நூல்களை ஓரிடத்திற் கூட்டி, ஒரு கொப்பியிலே பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதி, எந்நூல் யாருக்கு அல்லது எந்நிலையத்துக்கு உரியது என்று குறித்துவைத்தல் அறிவுடைமையாகும். நிலத்துக்கு உறுதி எழுதும் நாம் நூலுக்கு இரண்டு பக்கம் எழுதலாகாதா?

நேயர்களே, செய்ய வேண்டியவை எளியன. நூலை அளவுங்கள், உட்சுவர் ஒன்றைத் தெரியுங்கள், தாளிலே படம் வரையுங்கள், வீட்டாரைக் கலந்து பொருள்களைப் பெயருங்கள், உறுதியான மரத்திலே, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, ஐந்து தட்டு அமையுங்கள், கீழிரண்டு தட்டுகளையும் பிள்ளைகளுக்கு விடுங்கள். தை மாதத்து வெயில் ஏறுமுன் ஒரு விடுமுறை நாள் இதற்குப் போதும்.